மகோகனி விதை ஏன் சுற்றிக்கொண்டே விழுகிறது?

கேள்வி: வரப்பில் 12 வருட மகோகனி மரங்கள் நிற்கின்றன. காய் வெடித்ததும் விதைகள் பம்பரம் போலச் சுற்றியபடி பக்கத்து வயலுக்குப் போய்விடுகின்றன. சென்ற ஆண்டு மரத்தடியில் பொறுக்கி விதைத்தவை சரியாக முளைக்கவில்லை. பலவற்றில் இறக்கையும் ஒடிந்திருந்தது. நல்ல விதை சேகரிப்பது எப்படி?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: முளைக்காததற்கு ஒடிந்த இறக்கை காரணமல்ல. இறக்கை பறப்பதற்கு மட்டுமே. நாற்றங்காலில் அதை ஒடித்துவிட்டும் விதைக்கலாம். மரத்தடியில் கிடப்பவற்றில் பூச்சி துளைத்தவையும் பனியில் நனைந்து கெட்டவையும் கலந்திருக்கும்.

மகோகனி விதையின் ஒரு முனை கனமானது, மறுமுனை மெல்லிய இறக்கை. இந்த எடை வித்தியாசத்தால் விழும்போது விதை தானாகச் சுழல்கிறது. சுழலும் இறக்கையின் முன்விளிம்புக்கு மேலே சிறு காற்றுச்சுழி உண்டாகி, அங்கே காற்றழுத்தம் குறைகிறது. அதனால் விதை மேல்நோக்கி இழுக்கப்பட்டு மெதுவாக இறங்குகிறது. இதேபோல் சுழலும் மேப்பிள் மர விதைகளில் இந்தச் சுழி இருப்பதை 2009-இல் ஆய்வாளர்கள் காட்டினர். நம் காடுகளிலுள்ள தணக்கு மரத்தின் காயும் இரண்டு இறக்கைகளோடு சுழன்றுதான் இறங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மரம் 15 மீட்டர் உயரம். விதை நொடிக்கு 1 மீட்டர் இறங்குகிறது. காற்று நொடிக்கு 3 மீட்டர் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். விதை 15 நொடி காற்றில் இருக்கும். 45 மீட்டர் தள்ளிப்போய் விழும். அதே உயரத்திலிருந்து போட்ட கல் 2 நொடிக்குள் தரைக்கு வந்துவிடும். மரத்தடியில் தார்ப்பாய் விரித்தும் பயனில்லாமல் போவது இதனால்தான். முழு விதை ஒன்றையும் இறக்கை ஒடித்த விதை ஒன்றையும் மொட்டைமாடியிலிருந்து சேர்த்துப் போட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஆகவே, காய் வெடிக்கும் முன்பே பறித்துவிட வேண்டும். முற்றிப் பழுப்பு நிறமாகி, அடிப்பகுதியில் லேசாக விரிசல் காணும் காய்களைக் கொக்கித் தொரட்டியால் பறியுங்கள். காய் கட்டை போலக் கனமானது. நேர் கீழே நிற்க வேண்டாம். காற்றோட்டமான நிழலில் பரப்பினால் சில நாளில் தானே வெடிக்கும். பத்து விதைகளை நறுக்கிப் பாருங்கள். உள்ளே வெளிறிய நிறத்தில் கெட்டியாக இருந்தால் நல்ல விதை.

விதைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். சாதாரணமாக வீட்டில் வைத்திருந்தால் சில மாதங்களிலேயே முளைப்புத்திறன் குறைந்துவிடும். பை மண்ணில் மேலாக ஊன்றி, நிழல் கொடுத்து, ஈரம் காயாமல் பாருங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளை தெரியும்.