மிச்ச நூலில் பாட்டில் பை... பிடித்துணிக்கு மட்டும் ஒரு டெஸ்ட்!

கிரிவலம் போனவர்களுக்குத் தெரியும். அடி அண்ணாமலையைத் தாண்டுவதற்குள் தண்ணீர் பாட்டில் கைக்குக் கை மாறிக்கொண்டே இருக்கும். அந்த 14 கிலோமீட்டர் நடைக்கு, தோளில் மாட்டும் பாட்டில் பையை மிச்ச உல்லன் நூலில் நீங்களே குரோஷே போடலாம்.

4 சங்கிலி போட்டு வளையமாக இணையுங்கள். அதற்குள் 12 டபுள் குரோஷே. அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு, மொத்தம் 24. தேவைப்பட்டால் மூன்றாம் சுற்றில் 36. பாட்டிலின் அடி அளவு வந்ததும் கூட்டுவதை நிறுத்தி, ஒன்றுக்கு ஒன்று போட்டால் பை மேலே எழும்பும். ஒரு நிறம் தீர்ந்தால் அடுத்த நிறம். தோள்பட்டியை மட்டும் நெருக்கமான சிங்கிள் குரோஷேயில் போடுங்கள்; கனத்தில் அதிகம் இழுபடாது.

அடுப்படிப் பிடித்துணி என்றால் உஷார்! நான் போட்ட முதல் பிடித்துணி தோசைக்கல்லில் உருகி ஒட்டிக்கொண்டது. காரணம், அது அக்ரிலிக் நூல். லேபிள் இல்லாத நூலா? சின்ன இழையை இடுக்கியில் பிடித்து, ஸ்டீல் தட்டுக்கு மேல் கொளுத்திப் பாருங்கள். காகிதம் போல எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகி, ஆறியதும் கெட்டி மணியானால் அக்ரிலிக் போன்ற செயற்கை நூல். அதை பாட்டில் பை, சுருக்குப் பைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பருத்தியிலும் இரண்டு சதுரங்களைச் சேர்த்துத் தைத்தால்தான் சூடு தாங்கும். ஈரமாக இருக்கும்போது பிடிக்கவே கூடாது. சூடு சட்டென்று கைக்கு ஏறும்.

31.1.2016 அன்று சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ பெண்கள், துண்டு துண்டாகப் பின்னி இணைத்த போர்வையால் கின்னஸ் சாதனை படைத்தார்கள். அளவு 11,148.5 சதுர மீட்டர். நமக்கு ஒரு பாட்டில் அளவு போதுமே!