கொடுக்காத அறிக்கை

அரசு வழக்கறிஞர் நியாயமாக நடக்க வேண்டும் என்று சொன்னால், "குற்றவாளிக்குப் பரிந்து பேசுகிறீர்களா மேடம்?" என்று மாணவிகளே கேட்கிறார்கள். நான் சாலி கிளார்க்கைப் பற்றிச் சொல்வேன்.

இங்கிலாந்தில் அவரே ஒரு வழக்கறிஞர். கைக்குழந்தைகள் இருவர் அடுத்தடுத்து இறந்தார்கள். 1999இல் அவர்களைக் கொன்றவர் அவர்தான் என்று தீர்ப்பானது. ஒரு வீட்டில் இப்படி இரண்டு சாவு தானாக நேர 7.3 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்றார் அரசுத் தரப்பு மருத்துவ நிபுணர். கணக்கே தப்பு. அதைவிடக் கொடுமை, இரண்டாவது குழந்தையின் உடலில் நோய்க்கிருமி இருந்ததைக் காட்டும் ஆய்வக அறிக்கை, அரசுக்காகப் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரிடமே இருந்தது. எதிர்த்தரப்புக்கு அதைக் கொடுக்கவில்லை. மூன்று வருடத்துக்கு மேல் சிறை. 2003இல் விடுதலை. 2007இல் இறந்துபோனார்.

அறிக்கை எங்கள் கைக்கே வரவில்லை என்று வழக்கு நடத்தியவர்கள் சொல்லலாம். கேட்டு வாங்குவது யார் வேலை? பிள்ளையைப் பறிகொடுத்தவள் இவ்வளவுதான் அழலாம் என்று அளவு வைத்திருக்கிற ஊர்களில், ஒரு தாள் மறைந்தால் போதும், தாய் கொலைகாரி ஆகிவிடுவாள்.

'எப்படியாவது தண்டனை வாங்கிக் கொடுங்கள்' என்று பதாகை பிடிக்கும் தோழிகளே, அந்த 'எப்படியாவது' எனக்கு வேண்டாம். தனக்குப் பாதகமான தாளையும் அரசுத் தரப்பு எதிர்த்தரப்புக்குக் கொடுக்கட்டும். பாலியல் வன்முறை வழக்கிலும் இதையேதான் சொல்வேன்.