மலை ஜீப்பின் ஆயில் கணக்கு

ஆயில் மாற்றும் தவணையைக் கிலோமீட்டரில் சொல்வது சமவெளிக்குப் பொருந்தும் வழக்கம். இடுக்கி எல்லையில் அந்தக் கணக்கு இன்ஜினைத் தின்றுவிடுகிறது. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியலில் கிளம்பும் ஜீப்புகள் பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே ஏறுகின்றன. வாளையாறிலிருந்து பாலக்காட்டுக்கு டாப் கியரில் போகும் வண்டியைவிட, அதே தூரத்துக்கு இந்த இன்ஜின் இரு மடங்குக்கு மேல் சுற்றுகிறது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் 10,000 கி.மீ. ஓட 200 மணி நேரம் போதும், 20 கி.மீ. வேகத்தில் 500 மணி நேரம். டிராக்டருக்கும் ஜெனரேட்டருக்கும் ஆயில் தவணையை மணிக்கணக்கில்தான் சொல்கிறார்கள். மலை ஜீப்புக்கும் அதுவே நியாயம். ட்ரிப் நோட்டில் கிளம்பிய நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் எழுதிவந்தாலே கணக்கு கைக்கு வந்துவிடும்.

பழைய வண்டியில் கிலோமீட்டர் எண்ணே சந்தேகத்துக்குரியது. கேபிள் அறுந்தால் ஸ்பீடோமீட்டர் முள்ளோடு ஓடோமீட்டரும் நின்றுபோகும். ஐந்து இலக்க மீட்டர் 99,999 தாண்டியதும் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். பெரிய டயர் மாட்டியிருந்தால் ஓடியதைவிடக் குறைவாகக் காட்டும்.

பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜின் ஆயில் குடிக்கும். குறைந்ததை அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று ஊற்றிக்கொண்டே வருபவர்கள், புது ஆயில்தானே சேர்கிறது என்று மாற்றுவதைத் தள்ளிப்போடுவதுண்டு. ஃபில்டர் பழையதுதான், அடியில் தேங்கிய கரியும் பழையதுதான். நிறத்தைப் பார்த்தும் முடிவுகட்ட முடியாது, டீசல் இன்ஜினில் புது ஆயிலும் சீக்கிரமே கறுத்துவிடும்.

மிஞ்சுவது டிப்ஸ்டிக். மலையில் அதற்கும் சமதளம் கிடைப்பது அரிது. சரிவில் நிற்கும் வண்டியில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்க, குச்சி கூட்டியோ குறைத்தோ காட்டும். காலையில் வண்டியைக் கிளப்பும் முன், தினமும் ஒரே மட்டமான இடத்தில், குச்சியை உருவித் துடைத்து, முழுதாக நுழைத்து மறுபடி எடுத்துப் பார்ப்பதே நம்பகமானது.

டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு பெரும்பாலான வண்டிகளில் அளவைக் காட்டுவதல்ல. அழுத்தம் விழுந்த பிறகு எரிவது. வளைவில் திரும்பும்போது மட்டும் அது மினுக்கினால், ஆயில் குறைந்து பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அங்கேயே ஓரங்கட்டினால்தான் பேரிங் தப்பும்.

2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் சிக்கல் தலைகீழானது. புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கக் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசலில் ஒரு பங்கு ஆயிலில் இறங்கிவிடக்கூடும். மெதுவான, குறுகிய ஓட்டங்களில் இது அதிகம். குச்சியில் மட்டம் ஏறி, டீசல் வாடையும் அடித்தால், அடுத்த ஆயில் மாற்றத்துக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர் மிச்சம் என்று டேஷ்போர்டு மானிட்டர் காட்டினாலும் ஆயிலை மாற்றியாக வேண்டும்.