ஷட்டருக்குச் சந்தனம், சரிசெய்பவருக்குப் பேரம்

ஆயுத பூஜையன்று இரவு மதுரைக் கீழமாசி வீதியிலோ, கும்பகோணம் பெரிய கடைத்தெருவிலோ, அல்லது நம்முடைய சொந்த ஊரின் கடைவீதி எதிலோ நடந்து போகிறவர்கள், தராசுக்கும் கல்லாப்பெட்டிக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் செய்யப்படுகிற மரியாதையில் ஒரு பங்கு, கடை முகப்பில் தொங்குகிற இரும்பு ஷட்டருக்கும் கிடைப்பதைப் பார்த்திருப்பார்கள். பூஜை முடிந்து இழுத்துவிடப்பட்ட ஷட்டரின் மேல் மூன்று விரலால் தீட்டிய சந்தனமும், அதன் நடுவே குங்குமமும், பூட்டுக் கொண்டியில் சொருகிய சாமந்தியுமாக அது காட்சியளிக்கிற அழகை வருஷந்தோறும் நானும் ரசித்து வருகிறவன்தான். ஆனால் அந்தச் சந்தனம் உலர்ந்து உதிர்ந்த பிறகு, அடுத்த ஆயுத பூஜை வரையில் அந்த ஷட்டருக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுகிற வழக்கம் எத்தனை கடைகளில் இருக்கிறது என்று விசாரிக்கப் புகுந்தபோதுதான், ஷட்டர் பழுது பார்த்து ஜீவனம் செய்கிறவர்களின் நிலைமை எனக்கு ஓரளவு விளங்கிற்று.

விசாரிக்க நேர்ந்ததற்கும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. சென்ற ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு எங்கள் தெரு மளிகைக் கடையின் ஷட்டர் தரையிலிருந்து ஒரு முழம் உயர்ந்து, அதற்கு மேல் ஏறவும் மாட்டாமல் கீழே இறங்கவும் மாட்டாமல் கோணலாக நின்றுவிட்டது. பால் வாங்க வந்த ஏழெட்டுப் பேர் குடையோடு நின்றோம். கடைக்கார அண்ணாச்சி மூன்று பேருக்குப் போன் செய்தார், மூன்றாமவர் வந்தார். டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில், முன்னால் சாக்குப்பையில் கருவிகளும் பின்னால் அக்காள் மகனுமாக வந்து இறங்கிய அவர், பேச்சு வார்த்தை எதுவுமின்றி நனைந்த தரையில் மல்லாந்து படுத்து, அந்த ஒரு முழ இடைவெளிக்குள் நுழைந்து மறைந்தார். உள்ளேயிருந்து டார்ச் வெளிச்சம் தெரிந்தது. சற்றுப் பொறுத்துக் குரலும் வந்தது.

“அண்ணாச்சி, மூணு ஸ்பிரிங்குல ரெண்டு போச்சு. அதுல ஒண்ணு இப்ப போகலை. உடைஞ்ச இடம் பூரா துரு. போயி ஆறு மாசம் இருக்கும். தூக்குறப்போ கனமாத் தெரியலையா?”

“தெரிஞ்சுது பாய். மழைக்கு இறுகியிருக்கும்னு நினைச்சேன்.”

ஒன்றரை மணி நேரத்தில் ஷட்டர் ஏறியது. உடைந்த இரண்டு ஸ்பிரிங்குகளுக்கும் புதியவை மாற்றி, கூலியும் சேர்த்து 2,200 ரூபாய் கேட்டார். அண்ணாச்சி கெட்ட மனிதர் அல்லர். ஆனாலும் “காலையில முதல் வியாபாரம்கூட ஆகலை பாய்” என்று தொடங்கி 1,800-இல் கொண்டுவந்து நிறுத்தினார். ஐப்பசி மாதத்துக் காலை நேரத்தில் கடையைத் திறக்க முடியாமல் தவிக்கிற மளிகைக்காரரிடம் 4,000 கேட்டிருந்தாலும் வாங்கியிருக்கலாம் என்பதை அந்த மெக்கானிக் அறியாதவர் அல்லர். கேட்கவில்லை. பணத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ஷட்டரின் ஓரத்தில் அச்சுத் தகடு வைத்து மையடித்த தம்முடைய கைப்பேசி எண் துருவில் அழிந்திருக்கிறதே என்று மட்டும் வருத்தப்பட்டுப் போனார்.

இந்த வேலையின் நுட்பத்தைச் சற்று நின்று பார்ப்பது அவசியம். பத்தடி அகலமும் எட்டடி உயரமும் உள்ள சாதாரணக் கடை ஷட்டர், அதன் தகடுகளின் பருமனை வைத்துக் கணக்குப் பார்த்தால், ஏறத்தாழ நூறு கிலோ எடை தேறும். அதைப் பள்ளிக்கூடப் பையன்கூட ஒரு கையால் தூக்கிவிட முடிகிறதென்றால், அந்த எடையை வேறொன்று சுமக்கிறது என்று அர்த்தம். மேலே பெட்டிக்குள் குறுக்காகக் கிடக்கிற குழாயின் மீது வட்டப் பெட்டிகள் சில உண்டு. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு முறுக்குக் கம்பிச் சுருள் இருக்கிறது. ஷட்டரைக் கீழே இழுக்க இழுக்கச் சுருள் இறுகி அந்த எடையின் பலத்தைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்கிறது. காலையில் நாம் தூக்கும்போது, இரவெல்லாம் காத்து வைத்திருந்ததைத் திருப்பிக் கொடுக்கிறது. மூன்று சுருளில் ஒன்று உடைந்தால் ஷட்டர் உடனே நின்றுவிடுவதில்லை. மற்ற இரண்டும் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கின்றன, தூக்குவது கனக்கிறது, கடைப்பையன் கொக்கிக் கம்பியை மாட்டித் தொங்குகிறான், ஒரு பக்கம் முந்த, மறுபக்கம் பிந்த, தகடுகள் பக்கவாட்டுச் சட்டத்தில் உரசிக் கோணுகின்றன. ஆறு மாதம் கழித்து இரண்டாவதும் உடைகிற அன்றைக்குத்தான் நமக்குப் பழுது என்று பெயர் வைக்கத் தோன்றுகிறது.

அபாயமும் அந்தச் சுருளுக்குள்தான் இருக்கிறது. புதுச் சுருள் போட்டால் அதற்கு முறுக்கேற்ற வேண்டும். ஒருவர் ஏணிமேல் நின்று, பெரிய ரென்ச்சினால் குழாயைப் பற்றித் தம் முழு பலத்தோடு சுற்றுக் கணக்காகத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் இரு முனையிலும் உள்ள கிளாம்புகளை முடுக்க வேண்டும். அந்த அரை நிமிஷத்தில் ரென்ச்சின் பிடி நழுவினால், சுருளில் ஏற்றிய பலம் முழுவதும் ரென்ச்சின் வழியாக மனிதனின் மணிக்கட்டுக்கோ தாடைக்கோ வந்து சேரும். நான் பிறகு பேசிய அந்த மெக்கானிக்கின் வலது கைச் சுண்டுவிரல் மடங்காது. “அது தொண்ணூத்தெட்டுல” என்று, ஏதோ கல்யாணம் ஆன வருஷத்தைச் சொல்லுகிறவர் போலச் சொன்னார்.

ஷட்டர் என்கிற வஸ்துவுக்கு நம் நாட்டில் இலக்கணம் இல்லாமல் இல்லை. உலோக ரோலிங் ஷட்டருக்கென்றே ஐ.எஸ். 6248 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலோ, தகட்டின் அகலம் 80 மில்லிமீட்டர், சுருளின் நீளம் 27.5 சென்டிமீட்டர், அதற்கான எஃகுக் கம்பி இன்ன தரத்தது என்று அளவு பிசகாமல் சொல்லுகிறது. அந்தச் சுருளை முறுக்கேற்றுகிற மனிதர் என்ன கற்றிருக்க வேண்டும், அவருக்குக் காயம் பட்டால் யார் பொறுப்பு என்பதை மட்டும் எந்தப் பட்டியலும் சொல்லக் காணோம். 2023-ஆம் வருஷம் மத்திய அரசு கைத்தொழிலாளர்களுக்காகக் கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள் இடம்பெற்றன. (தமிழக அரசு அதை ஏற்காமல் தனித் திட்டம் வகுத்துக்கொண்டது வேறு விஷயம்.) அந்தப் பதினெட்டில் பூட்டுச் செய்கிறவர் உண்டு, அந்தப் பூட்டு தொங்குகிற ஷட்டரைச் சரிசெய்கிறவர் இல்லை.

நம் பாட்டனார் காலத்துக் கடைகளுக்கு ஷட்டர் ஏது? மேலும் கீழும் பள்ளம் வெட்டிய உத்தரத்துக்கும் வாசற்படிக்கும் நடுவே, ஒன்று இரண்டு என்று இலக்கமிட்ட பலகைகளை வரிசையாகச் சொருகி, கடைசிப் பலகையில் பூட்டுப் போடுவார்கள். ஐந்தாம் பலகையை ஏழாம் இடத்தில் செருகிய பையன் வாங்கிய திட்டுகளை முதியவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். மழைக் காலத்தில் பலகை உப்பிக்கொண்டால் இழைத்துக் கொடுக்க ஆசாரி இருந்தார். அவருக்கும் கடைக்கும் இருந்த சம்பந்தம், பொங்கலுக்கு வேட்டியும் தீபாவளிக்கு இனாமுமாக வருஷம் முழுவதும் நீண்டிருந்தது. பலகை போய் இரும்பு வந்தபோது, அந்த வருஷச் சம்பந்தமும் கூடவே போயிற்று. ஷட்டர்க்காரரை நாம் நினைப்பது ஷட்டர் மாட்டிக்கொண்ட காலையில் மட்டுந்தான்.

அவருடைய வருமானம் இதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு நாள் நான்கு போன் வரும். நான்கு நாள் ஒரு போனும் வராது. 2020 மார்ச் மாதத்து ஊரடங்கின்போது கடைத்தெருவே அடைந்து கிடக்க, அவருக்கு வேலை என்பதே இல்லாமற் போயிற்று. பிறகு கடைகள் திறந்தபோது, துருவேறி இறுகிய ஷட்டர்களால் பத்து நாள் தூங்கக்கூட நேரமில்லாமல் ஓடியதாக அந்த மெக்கானிக் சொன்னார். இப்போது இன்னொரு நிர்ப்பந்தமும் வந்திருக்கிறது. வாடிக்கையாளர் கைப்பேசியில் தேடினால் முதலில் அகப்படுவது தரகு இணையதளங்களின் விளம்பரங்களே. அங்கே பதிந்துகொள்ளப் பணம் கட்ட வேண்டும். கட்டினாலும் ஒரே விசாரணை நான்கு பேருக்குப் போகிறது. நால்வரும் விலையைக் குறைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். குறைத்த விலைக்கு வந்தவர், குறைந்ததை ஈடுகட்ட, நன்றாக இருக்கிற சுருளையும் போய்விட்டது என்று சொல்லத் துணிகிறார். அண்ணாச்சியின் பேரத்துக்குப் பின்னால் இருக்கிற அவநம்பிக்கை அடியோடு நியாயமற்றது என்று சொல்ல என்னால் முடியாது.

இது நம்மோடு நின்றுவிட்ட சங்கதியும் அன்று. அமெரிக்காவில் பல வீடுகளில் மோட்டார் வண்டிக்கு கராஜ் என்கிற கொட்டகையும், அதற்கு மேலெழும்பித் திறக்கிற கதவும் உண்டு. 1921-இல் ஸி. ஜி. ஜான்ஸன் என்பவர் அத்தகைய கதவை அமைத்து, 1926-இல் அதற்கு மின்சாரத்தால் இயங்கும் கருவியையும் பொருத்தினார். அங்கேயும் எடையைச் சுமப்பது ஸ்பிரிங்தான். அங்கேயும் கைகளை முறிப்பது அதுதான். சாதாரண ஸ்பிரிங் பத்தாயிரம் தடவை ஏறி இறங்கத் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் கணக்குச் சொல்லுகிறார்கள். நாளைக்கு நான்கு தடவை திறந்து மூடுகிற வீட்டில் அது ஏழு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட வரும். 1993 முதல் தயாராகிற வீட்டுக் கதவு மோட்டார்கள், கீழே குழந்தையோ பொருளோ அகப்பட்டால் தாமாகத் திரும்பி மேலேற வேண்டும் என்பது அங்கே சட்டம். இவ்வளவு கணக்கும் சட்டமும் இருந்தும், மிகக் குறைந்த வருகைக் கட்டணத்தை விளம்பரம் செய்து, வீட்டுக்குள் நுழைந்தபின் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும் என்று பயமுறுத்துகிற பேர்வழிகள் அந்நாட்டிலும் நிறைய. ஆபத்து வேளையை நம்பி நடக்கிற தொழில் எதுவானாலும், யோக்கியனுக்கு நஷ்டத்தையும் அயோக்கியனுக்கு லாபத்தையுமே அது தருகிறது.

ஆகவே நான் சொல்ல விரும்புவது, மெக்கானிக்கிடம் இரக்கம் காட்டுங்கள் என்பது அன்று; அவர் அதைக் கேட்கவும் இல்லை. உடைகிற வரையில் காத்திருந்து கூலி கொடுக்கிற முறையை விட்டுவிட்டு, உடையாமல் பார்த்துக்கொள்வதற்குக் கூலி கொடுக்கிற முறைக்கு நாம் மாற வேண்டும். ஒரு தெருவில் நாற்பது கடை இருக்குமானால், அத்தெரு வணிகர் சங்கம், நம்பிக்கையான ஒரு ஷட்டர் மெக்கானிக்கை வருஷத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன் ஒன்றும் மழைக்குப் பின் ஒன்றுமாக, எல்லாக் கடைக்கும் வந்து பார்க்கும்படி ஒரு தொகைக்குப் பேசிவிடலாம். அவர் செய்யப்போவது பெரிய காரியமுமல்ல. பக்கச் சட்டத்தில் அடைந்த மண்ணைச் சுரண்டுவது. சுருள்களையும் தாங்கிகளையும் பார்த்து எண்ணெய் இடுவது. கிளாம்பு தளர்ந்திருந்தால் முடுக்குவது. உடைந்த சுருள் ஒன்று இருந்தால், இரண்டாவது உடையுமுன் மாற்றுவது. வண்டி பழுதுபார்க்கும் பட்டறையிலிருந்து கழிவு எண்ணெயை வாங்கிவந்து சட்டத்தில் அப்புகிற நம் வழக்கம், தெருப்புழுதியையெல்லாம் அழைத்து ஒட்டவைத்து ஷட்டரை இன்னும் இறுக்கத்தான் செய்கிறது. தினம் காலையில் வாசல் தெளிக்கிற தண்ணீர், அடித்தகட்டிலே தேங்கி முதலில் அதையே தின்கிறது என்பதையும் அன்று வந்த மெக்கானிக்கே சொன்னார். தெளிக்காதே என்று அவர் சொல்லவில்லை, துடைத்துவிடு என்றார்.

சங்கத்திலிருந்து இப்படி ஒரு வருஷத் தொகை கைக்கு வந்தால், அந்த அக்காள் மகன் கூரியர் வேலைக்கு ஓடிவிடாமல் இந்த வித்தையைக் கற்பான். விபத்து இழப்பீட்டுச் சட்டங்கள் முதலாளி என்று ஒருவர் இருந்தால்தான் பேசுகின்றன; தமக்குத் தாமே முதலாளியான இவர்களுக்கு, 1982-ஆம் வருஷத்து உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழி அமைந்த நல வாரியங்களே போக்கிடம். அவற்றில் பதிந்துகொள்ளத் தேவையான காகிதங்களை எழுதிக்கொடுக்க, கணக்குப்பிள்ளைகள் நிறைந்த நம் வணிகர் சங்கங்களுக்கு ஒரு பிற்பகல் போதும்.

கடைக்காரருக்கும் கஷ்டம் இருக்கிறது, வாடகையும் மின்கட்டணமும் போக மிஞ்சுவதில் இது ஒரு செலவா என்று கேட்கலாம். மளிகைக் கடை அண்ணாச்சியும் அப்படித்தான் கேட்டார். அன்று காலை ஒன்றரை மணி நேரத்தில் போன பால் வியாபாரத்தையும், பேரம் போக அவர் கொடுத்த 1,800-ஐயும் கூட்டிப் பார்க்கும்படி சொன்னேன். கூட்டிப் பார்த்துவிட்டு, “முதல்ல நம்ம தெருவுல எத்தனை பேர் சேருவாங்கன்னு கேளுங்க” என்றார்.

மே 5 வணிகர் தினம். வணிகர் சங்க மாநாட்டுக்குப் போகிறவர்கள் அன்று கடையை அடைத்துவிட்டுப் போவார்கள். தெரு முழுவதும் ஷட்டர்கள் இறங்கியிருக்கும். வாடிக்கைக்காரருக்கு இடைஞ்சலின்றி வேலை செய்ய அதைவிடத் தோதான நாள் கிடையாது. ஒவ்வொரு கடையிலும் சாவியோடு ஒருவரை மட்டும் இருத்திவிட்டுப் போங்கள். மெக்கானிக்குக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். கூலியையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.