ஆமை புகுந்த கரை

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று நம்மவர்கள் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். அமீனாவைப் பற்றி எனக்கு ஆட்சேபமில்லை. ஆமை விஷயத்தில் மட்டும் இது பெரிய அநியாயம். எந்த ஆமையும் எவர் வீட்டிலும் புகுந்து குடியைக் கெடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நாம்தான் அதன் வீட்டில் புகுந்திருக்கிறோம்.

2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. பெரும்பாலும் பங்குனி ஆமைகள். சிற்றாமை என்றும் சொல்வார்கள். கழுத்து வீங்கி, கண் பிதுங்கிக் கிடந்தன. அறுத்துப் பார்த்த வைத்தியர்கள், மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன என்றார்கள். கடலில் வாழ்கிற பிராணி கடலில் மூழ்கிச் சாவதா என்று சிலர் சிரித்ததாகக் கேள்வி. ஆமைக்கும் நம்மைப் போல நுரையீரல்தான், ஐயா. மேலே வந்து காற்றுக் குடித்துவிட்டுப் போக வேண்டும். சும்மா கிடந்தால் வெகு நேரம் தாக்குப் பிடிக்கும். வலைக்குள் மாட்டிக்கொண்டு திமிறினால் சீக்கிரமே மூச்சு தீர்ந்துவிடும். விசைப்படகின் இழுவைமடியோ மணிக்கணக்காகத் தண்ணீருக்கு அடியில் ஓடுகிறது.

இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, படித்த நண்பர் ஒருவர், “இந்த மீன்காரர்களே இப்படித்தான்” என்று ஒரே வாக்கியத்தில் வழக்கைத் தீர்த்துவிட்டார். அந்த வாக்கியத்தின் மேல்தான் எனக்குக் கோபம். எந்த மீன்காரர்? கட்டுமரத்தில் போய்ச் செவுள்வலை போட்டுவிட்டு விடியற்காலையில் கரையேறுகிறவரா? இயந்திரம் வைத்த படகில் கடலின் அடித்தரையையே வாரிக்கொண்டு வருகிறவரா? இருவரும் ஒருவரல்ல, பல இடங்களில் நண்பர்கள்கூட அல்ல.

அந்த இயந்திரமும் கடலிலிருந்து தானாக முளைக்கவில்லை. 1952-இல் நார்வேயும், ஐக்கிய நாடுகள் சபையும், நம் சர்க்காரும் ஒப்பந்தம் செய்துகொண்டு கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் ஒரு திட்டத்தை ஆரம்பித்தார்கள். ஏழை மீனவன் நிறைய மீன் பிடித்து நன்றாக வாழட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் எறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறியதும் நோக்கம் ஓர் ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. கடனும் மானியமும் கொடுத்து இழுவைப்படகுகளைப் பெருக்கினார்கள். வலையைக் கிழித்துக்கொண்டு போகும் படகுக்காரரோடு கட்டுமரக்காரர்கள் சண்டையிட்டார்கள். சென்னைக் கரையிலேயே படகுகள் எரிந்தன. அந்தக் கலகங்களுக்குப் பிறகுதான் 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையை ஒட்டிய மூன்று கடல் மைல் சிறு மீனவருக்கு என்று வகுத்தார்கள். பின்னால் அது ஐந்தாயிற்று.

ஆகவே அந்த எல்லை ஆமைக்காகப் போட்டதல்ல, மனிதனுக்காகப் போட்டது. ஆனால் அதே தண்ணீரில்தான் பங்குனி ஆமை கூடுகிறது, முட்டையிடுமுன் காத்துக் கிடக்கிறது. எல்லையைத் தாண்டி உள்ளே வருகிற படகு, கட்டுமரக்காரர் சோற்றிலும் கை வைக்கிறது, ஆமையின் கழுத்திலும் கை வைக்கிறது. “மனிதன் பிழைப்பா, ஆமையின் உயிரா?” என்று நியாயத் தராசு தூக்குகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆமைகள் முட்டையிட்டு முடிக்கிற தறுவாயில் அது தொடங்குகிறது.

அப்புறம் குஞ்சு விடுகிற வைபவம். பெரிய மனிதர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உள்ளங்கையளவுகூட இல்லாத குஞ்சை ஏந்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1988 முதல் சென்னைக் கரையில் இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வரும் மாணவர்களைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறைவாகச் சொல்ல மாட்டேன். அவர்கள் நடக்கும் நடை புண்ணியம். நான் சொல்வது படத்துக்கு நிற்கிறவர்களை. ஒரு கூட்டில் ஏறக்குறைய நூறு முட்டை. ஆயிரம் குஞ்சில் ஒன்று வளர்ந்து ஆளாகும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் ஒரு வளர்ந்த ஆமைக்குப் பத்துக் கூடு ஈடு. ஆயிரம் ஆமைக்குப் பத்தாயிரம் கூடு. அத்தனை பெட்டி குஞ்சுகளை விடுவதற்கு நம்மிடம் பெரிய மனிதர்கள் போதுமா?

பழம்பெருமைக்கு மட்டும் குறைவில்லை. ஆமை போன வழியே தமிழன் கடல் கடந்தான் என்று மேடையில் முழங்குகிறார்கள். அகநானூற்றில், மணலில் புதைத்த முட்டையை ஆண் ஆமை காவல் காப்பதாக ஒரு புலவர் பாடியிருக்கிறார். ஆண் ஆமை கரையேறுவதில்லை என்று இன்றைக்கு நமக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் புலவர் மணலில் இறங்கிப் பார்த்திருக்கிறார். முட்டையின் புலால் நாற்றம்வரை அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நம் காலத்தில் அப்படி இறங்கிப் பார்த்தவர் சதீஷ் பாஸ்கர். 1970-களில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த இளைஞர்கள் இந்தக் கரையில் இரவு ரோந்து தொடங்கியபோது அவரும் ஒருவர். பிறகு இந்தியக் கரைகளில் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்தே ஆமைகளைக் கணக்கெடுத்தார். 1982-இல், மழைக்காலத்தில் எந்தப் படகும் போகாத லட்சத்தீவின் சுஹேலித் தீவில், பேராமைகள் முட்டையிடுவதைப் பார்க்கத் தன்னந்தனியாகப் பல மாதம் இருந்தார். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் போட்டார். அது இலங்கைக் கரையில் ஒதுங்கியது. எடுத்த மீனவர் தபாலில் சேர்த்து, கடிதம் அந்த அம்மாளுக்குப் போய்ச் சேர்ந்தது. (“மீன்காரர்களே இப்படித்தான்” என்ற என் நண்பர் இதையும் குறித்துக்கொள்ளட்டும்.) 2023-இல் அவர் காலமானார். நம் ஊரில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

பரிகாரம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மடியின் கழுத்தில் ஒரு கம்பிச் சட்டம். எறாலும் சிறு மீனும் கம்பிகளுக்கிடையே புகுந்து உள்ளே போகும், ஆமை முட்டி மேலே உள்ள திறப்பு வழியாக வெளியே போய்விடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்கென்றே ஒன்று செய்து கொடுத்திருக்கிறது. படகுக்காரர், கொஞ்சம் மீனும் போய்விடுமே என்கிறார். போகத்தான் போகும். அமெரிக்காவிலும் இதே முறையீடுதான். 1989-இல் அங்கே எறால் படகுக்காரர்கள் துறைமுகங்களையே மறித்தார்கள். அப்புறம் மாட்டினார்கள்.

மாட்டாத தேசத்தின் எறாலை வாங்கமாட்டோம் என்று அமெரிக்கா சொன்னபோது, நாம் மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்தோடு சேர்ந்து உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்காடினோம். தேசத்துக்கு தேசம் பாரபட்சம் காட்டினார்கள் என்று 1998-இல் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. வக்கீல் ஜயித்தார். சட்டத்தைத்தான் வலையில் மாட்டவில்லை. 2019-இல் அவர்கள் நம் கடல் எறாலை மறுபடி நிறுத்தினார்கள். வெள்ளைக்காரன் சொல்லி நாம் செய்வதா என்ற ரோஷம் எனக்கும் உண்டு. அந்த ரோஷத்தை, அவன் சொல்லுமுன் நாமே செய்து காட்டியிருக்கலாம்.

டிசம்பரில், காசிமேட்டிலிருந்து படகு புறப்படுமுன், ஒரு ஆள் நின்று மடியின் கழுத்தைத் தடவிப் பார்த்தால் போதும். சட்டம் இருந்தால் போ, இல்லாவிட்டால் நில். திரும்பி வரும்போது பார்ப்பதில் பிரயோஜனமில்லை. செத்த ஆமையை யாரும் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதில்லை. கடலிலேயே தள்ளிவிட்டு வருகிறார்கள்.