டிராயிங் பீரியடைப் பறிக்காதீர்கள்

இலங்கையின் மட்டக்களப்பில் 1996ஆம் ஆண்டு ஒரு பூங்கா திறக்கப்பட்டது. வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று பெயர். ஊரைச் சுற்றிப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அந்தப் பகுதியில் 1990ஆம் ஆண்டு நடந்த படுகொலைகளுக்குப் பிறகு, அடுத்தடுத்து இருந்த தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் ஒன்றையொன்று அச்சத்தோடு பார்த்துக்கொண்டிருந்தன. அந்த ஊர்களின் பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துவந்து, சேர்த்து உட்காரவைத்து, கையில் களிமண்ணும் வண்ணமும் கொடுத்தார்கள். உளவள ஆலோசகரான இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும், டொரோண்டோவில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளோடு கலைத் தோட்டம் நடத்திய கனடிய ஓவியர் போல் ஹோகனும் முன்னின்று உருவாக்கிய இடம் அது.

நடந்ததைச் சொல் என்று பிள்ளைகளை அங்கே நெருக்கவில்லை. அவர்கள் படம் தீட்டினார்கள், பொம்மை செய்தார்கள், பாடினார்கள், கதை கட்டினார்கள், கட்டிய கதையை நாடகமாகப் போட்டார்கள். கூட இருந்து வழிநடத்திய இளைஞர்களும் போரில் அடிபட்டவர்கள்தான். ஒருநாள் முகாம் நடத்திப் படம் பிடித்துக்கொண்டு அனுப்பிவிடவில்லை. வாரத்தில் ஒரு நாள் என்று அதே பிள்ளைகள் மாதக்கணக்கில் வந்துபோனார்கள்.

பூங்காவின் வெற்றிக்கு இந்த ஒழுங்குதான் அடிப்படை. கலை மனதுக்கு நல்லது என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. ஆனால், வாரந்தோறும் தவறாமல், வகுப்பில் உள்ள அத்தனை பேருக்கும், மதிப்பெண் பயமில்லாமல், பழகிய ஒரு பெரியவரின் கண்முன்னால் நடக்கும்போதுதான் அது மனதைத் தாங்கும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தொலைந்துகொண்டிருப்பது இந்த ஏற்பாடுதான்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் உயிரிழந்தார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு: 1,416 பேர். மனநலக் கோளாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தொடங்கிவிடுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் வயது. படம் வரைவதும் பாடுவதும் படிப்பைக் கெடுக்கும் என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்லத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே வயதில்தான்.

ஓவிய வகுப்பு வைத்தால் இந்தத் தற்கொலை எண்ணிக்கை சரிந்துவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு மருத்துவர் வேண்டும், சிலருக்கு மருந்தும் வேண்டும். (உடனடி உதவி தேவைப்படுவோர் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையோ 104 எண்ணையோ கட்டணமின்றி அழைக்கலாம்.) ஆனால், நோயாக முற்றுவதற்கு முன்னால், ஒரு பிள்ளைக்கு மனம் கனக்கத் தொடங்கும் நாட்களில், பள்ளிக்குள்ளேயே பாரத்தை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டாமா?

அப்படி ஓர் இடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் சோதித்துப் பார்த்தார்கள். 42 பள்ளிகள், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 10,548 மாணவர்கள். கூடுதல் கலைக் கல்வி எந்தப் பள்ளிகளுக்கு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். அந்தப் பள்ளிகளுக்கு உள்ளூர்க் கலைஞர்களும் நாடகக் குழுக்களும் போனார்கள். பிரையன் கிசிடா, டேனியல் போவன் ஆகிய ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகும் மாணவர்களின் விகிதம் 3.6 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. எழுத்துத்திறன் தேர்வில் மதிப்பெண் கூடியது. பிறர்மீதான பரிவும் கூடியது. கலைக்கு நேரம் ஒதுக்கினால் மார்க் குறையும் என்று பயப்படும் பெற்றோர் இந்த ஆய்வைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு ஆய்வு சிறியது, பெரியவர்களிடம் நடந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியது. டிரெக்சல் பல்கலைக்கழகத்தின் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேரிடம் களிமண், மார்க்கர் பேனா, ஒட்டுப்படத்துக்கான காகிதம் ஆகியவற்றைக் கொடுத்து, விருப்பம்போல் எதையாவது செய்யச் சொன்னார்கள். 45 நிமிடங்களுக்குப் பிறகு, மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் நான்கில் மூன்று பேருக்குக் குறைந்திருந்தது. முன்பே வரைந்து பழகியவர்களுக்கு மட்டும் நேர்ந்த பலன் அல்ல இது. 45 நிமிடம் என்பது நம் பள்ளிகளில் ஏறக்குறைய ஒரு பீரியட்.

பதின்வயதுப் பிள்ளையிடம் "என்ன ஆச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்ற பதில்தான் வரும். பிள்ளை மறைக்கிறது என்றே எப்போதும் நினைக்க வேண்டியதில்லை. உள்ளே கிடப்பதைச் சொல்ல அந்த வயதில் பேச்சு வருவதில்லை. ஒரு படம் மேசைமேல் இருந்தால் நிலைமை மாறுகிறது. பேச்சு பிள்ளையைப் பற்றி இல்லாமல் படத்தைப் பற்றி ஆகிவிடுகிறது. "இந்த வீட்டுக்குக் கதவே இல்லையே?" என்று டீச்சர் கேட்கிறார். "கதவு வச்சா அப்பா உள்ள வந்துடுவாரு டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொல்லலாம். வெறுமனே "மறந்துட்டேன்" என்றும் சொல்லலாம். இரண்டில் எது வந்தாலும் காதுகொடுத்துக் கேட்கும் பக்குவம் ஆசிரியருக்கு வேண்டும். கறுப்பு வண்ணம் நிறைய இருந்தால் மனச்சோர்வு, சிவப்பென்றால் கோபம் என்று ஜோசியம் பார்ப்பது கலைக் கல்வி ஆகாது. அது பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

தமிழ்நாட்டில் எந்தப் பிள்ளையிடம் காகிதத்தைக் கொடுத்தாலும் பெரும்பாலும் ஒரே படம்தான் வரும்: இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை. கரும்பலகையைப் பார்த்து வரைந்து வரைந்து கை பழகிப்போன படம். அதில் அந்தப் பிள்ளையின் தெரு இல்லை, வீடு இல்லை, முகம் இல்லை.

இந்தப் பழக்கத்தை உடைப்பதற்கு வழிகாட்டியாக ஒரு பெண்மணியைச் சொல்லலாம். ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ், வியன்னாவில் பிறந்து பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்த ஓவியர். யூதர் என்பதால் 1942 டிசம்பரில் நாஜிகள் அவரைத் தெரேசின் முகாமுக்கு அனுப்பினார்கள். அனுமதித்த கொஞ்சப் பெட்டி படுக்கைக்குள் அவர் வரைபொருட்களையும் எடுத்துப்போனார். முகாமில் இருந்த பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுத்தார். காகிதம் தீர்ந்தபோது, பயன்படுத்திய அலுவலகத் தாள்களின் பின்பக்கத்தில் வரையவைத்தார். அவரவர் படத்தில் அவரவர் பெயரை எழுதச் சொன்னார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்சில் அவர் கொல்லப்பட்டார். இரண்டு பெட்டிகளில் அவர் விட்டுச்சென்ற சுமார் 4,500 படங்கள் முகாமில் மிஞ்சின. இன்று அவை பிராக் நகர யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அவரிடம் முன்பே படித்திருந்த எடித் கிராமர் நியூயார்க்குக்குத் தப்பிச் சென்று, குழந்தைகளுக்கான கலைவழிச் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரானார்.

அத்தகைய ஆசிரியருக்கு நம் சட்டம் என்ன இடம் தந்திருக்கிறது? 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 100 மாணவர்களுக்கு மேல் இருந்தால், கலைக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்களை வைக்கச் சொல்கிறது. நூறு பேர் இல்லாத சிற்றூர்ப் பள்ளிக்கு அதுவும் கிடையாது. அந்த அடிப்படையில் 2012இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் சம்பளம். அது பின்னர் 12,500 ரூபாயாக உயர்ந்தது. பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிவருகிறார்கள். அடுத்த மாதச் செலவை நினைத்துக் கலங்கும் ஒருவரிடம், பிள்ளைகளின் கலக்கத்தைக் கவனி என்று எந்த நியாயத்தில் சொல்வது?

2022–23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவைப் பாராட்டத்தான் வேண்டும். எங்கோ ஒரு கிராமத்தில் பறையடிக்கும் பிள்ளை மாநில மேடை ஏறுவது சின்ன விஷயமல்ல. ஆனால் அது போட்டி. பள்ளியில் தொடங்கி, வட்டாரம், மாவட்டம் என்று மேலே போகப் போகத் திறமைசாலிகள்தான் மிஞ்சுவார்கள். கோடு கோணலாகப் போகும் பிள்ளைக்கும் சுருதி சேராத பிள்ளைக்கும் அங்கே வேலையில்லை. மனநலம் என்று பேசும்போது கவலைப்பட வேண்டியது முதலில் அவர்களைப் பற்றித்தான். கடைசி பெஞ்சில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் திருவிழாவைவிட வெள்ளிக்கிழமை மதியத்தின் ஒரு பீரியடே பெரிய துணை.

பத்தாம் வகுப்பு வந்தால் அந்த ஒரு பீரியடும் போய்விடுகிறது. பொதுத்தேர்வு, திருப்புதல் தேர்வு, சிறப்பு வகுப்பு என்று கால அட்டவணை நிரம்பி வழிகிறது. அழுத்தம் அதிகமாக இருக்கும் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளில்தான் கலை வகுப்பு முதலில் வெட்டப்படுகிறது. இது தலைகீழான ஏற்பாடு.

இதைச் சரிசெய்யப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை வாரத்துக்கு இரண்டு கலைப் பீரியட்கள். எந்தப் பாட ஆசிரியரும் அதைக் கடன் வாங்கக் கூடாது. மதிப்பெண் வேண்டாம், தரவரிசை வேண்டாம். பகுதிநேர ஆசிரியர்களை முழுநேரமாக்கி, கலங்கிய பிள்ளையை எப்போது ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும் என்ற பயிற்சியையும் தர வேண்டும். ஓவியம் மட்டுமே கலை என்றும் இருக்க வேண்டாம். அந்தந்த வட்டாரத்துக் கூத்துக் கலைஞர், நாயனக்காரர், மண்பாண்டம் வனைபவர் எல்லோரும் பள்ளிக்குள் வரலாம். அவர்களுக்கு மதிப்பூதியமும் கிடைக்கும்.

பெற்றோர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்பதோடு, போன வாரம் டிராயிங் பீரியடில் என்ன நடந்தது என்றும் கேளுங்கள். கணக்குப் பாடம் நடந்தது என்று பதில் வந்தால், அந்தப் பீரியடைத் திருப்பித் தரச் சொல்லித் தீர்மானம் போடுங்கள்.