பார்சல் 4,000 ரூபாய், பில் 3,799 ரூபாய்

ரிச்சி ஸ்ட்ரீட்ல கடை கடையா ஏறி இறங்கியும் கிடைக்காத ஒரு பார்ட்டை வெளிநாட்டு சைட்ல ஆர்டர் போட்டிருக்கீங்களா? அப்போ இந்தக் கதை உங்களுக்கும் நடந்திருக்கும்.

2024-ல் எங்க டீம் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு போர்டு வரவழைச்சோம். விலை 3,000, ஷிப்பிங் 1,000. மயிலாப்பூர் ஃப்ரெண்டு வீட்டு வாசல்ல கூரியர்காரர் பார்சலோட ஒரு பில்லையும் நீட்டினார்: 3,799 ரூபாய். "கட்டினாத்தான் பார்சல், தம்பி."

"கவர்மெண்ட் கொள்ளையடிக்குது"ன்னு நாலு பேரும் திட்டினோம். அப்புறம்தான் பில்லை வரி வரியா படிச்சோம். நீங்களும் படிக்கணும்.

1962-ம் வருட சுங்கச் சட்டப்படி பொருளோட மதிப்புல ஷிப்பிங்கும் சேரும். அதனால வரி 3,000-க்கு இல்ல, 4,000-க்கு. சொந்த உபயோகத்துக்கான இறக்குமதிக்கு அப்போ அடிப்படை சுங்க வரி 35 சதவீதம்: 1,400. அந்த வரி மேல 10 சதவீதம் சமூக நல சர்சார்ஜ்: 140. எல்லாத்தையும் கூட்டி வர்ற 5,540-க்கு 28 சதவீதம் ஐஜிஎஸ்டி: 1,551. ஆக வரி மட்டும் 3,091. வரிக்கும் வரி!

மீதி 708? அதுல பெரும்பகுதி அரசாங்கத்துக்குப் போகல. சுங்க வேலையை முடிச்சுக் கொடுத்ததுக்கு கூரியர் கம்பெனி எடுத்த 600 ரூபாய் கட்டணம், அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆர்டர் போடுறப்ப இதைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை சொல்லல.

வரி விகிதம் அப்புறம் இறங்குச்சு. 2025 பட்ஜெட்ல 35 சதவீதம் 20 ஆச்சு. அதே வருஷம் செப்டம்பர் 22 முதல் 28 சதவீத ஜிஎஸ்டி 18 ஆச்சு. நல்ல விஷயம். ஆனா கூரியர் கட்டணம் சதவீதக் கணக்கு இல்லையே. 500 ரூபாய் சென்சாருக்கும் அதே 708-ன்னா, பொருளை விடத் தரகு அதிகம்.

"அப்போ கிஃப்ட்னு போட்டு அனுப்பச் சொல்லலாமே"ன்னு ஒரு சீனியர் ஐடியா கொடுப்பார். வேண்டாம். 5,000 ரூபாய் வரைக்கும் கிஃப்ட்டுக்கு இருந்த விலக்கு 2019 டிசம்பர்லயே போச்சு; உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும்தான் இப்போ அது உண்டு. போனதுக்குக் காரணமும் நம்மள மாதிரி ஆளுங்கதான். ஆன்லைன்ல காசு கொடுத்து வாங்கினதெல்லாம் 'கிஃப்ட்'டா வந்து இறங்குச்சு. மொத்தமா இறக்கி, ஒழுங்கா வரி கட்டி விக்கிற ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரருக்கு அது நியாயமா?

அதனால வரியே வேண்டாம்னு நான் கேட்கல. கேட்கிறது மூணு.

ஒண்ணு, ஆர்டர் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடியே வரி எவ்வளவு, கம்பெனி கட்டணம் எவ்வளவுன்னு தனித்தனியா காட்டணும்.

ரெண்டு, சின்னத் தொகைக்கு ஒரு வரம்பு வேணும். கனடாவுல 20 டாலர் வரைக்கும் வர்ற சாதாரணப் பார்சலுக்கு வரி கிடையாது. கிஃப்ட்னு பொய் சொல்ல வேண்டிய அவசியமே அங்க இல்ல.

மூணு, தரகு கட்டணம் பிடிக்கலைன்னா நாமே போய் முடிக்கிற வழி சுலபமா இருக்கணும். டொராண்டோவுல இருக்கிற உங்க கசினைக் கேளுங்க. எல்லைச் சேவை அலுவலகத்துக்கு நேரா போய் வரியை மட்டும் கட்டிட்டுப் பார்சலை எடுத்துக்கலாம். மீனம்பாக்கம் இங்கிருந்து அவ்வளவு தூரமா என்ன?

அது வர்ற வரைக்கும் ஒரு வேலை பண்ணுங்க. ரெண்டு மூணு டீம் சேர்ந்து ஒரே ஆர்டரா போடுங்க. ஷிப்பிங்கும் கூரியர் கட்டணமும் பிரியும். பில் வந்தா திட்டுறதுக்கு முன்னாடி படிங்க. யாரைத் திட்டணும்னு அதுலயே இருக்கு.